சட்டைப் பையில் இருந்த ஃபைல்

மருந்துக் கவுண்டரின் கண்ணாடி உடைந்தபோது நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். உடைத்தவன் கையில் இருந்தது ஹெல்மெட். முதல் அடியில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகக் கீறல் விழுந்தது. இரண்டாவது அடியில் மொத்தமும் உள்பக்கமாகச் சரிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பெண் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் ஆபீஸ்காரரை மூன்று பேர் அந்த ஓட்டை வழியாகவே சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். விளிம்பில் நின்ற கண்ணாடிச் சில்லு அவர் வயிற்றுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

அந்த அடியை நிறுத்தக்கூடிய பொருள் என் சட்டைப் பையில் இருந்தது. விரல் நீளத்தில் ஒரு பென் டிரைவ். அதற்குள் ஒரு ஃபைல். அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து அதை எடுத்தவன் நான். அங்கிருந்த யாருக்கும் அது தெரியாது. நான் சொன்னால்தான் தெரியும். நான் சொல்லவில்லை.

நான் பேசத் தெரியாதவன் இல்லை. ஆள் கூடிய இடத்தில் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அதனால் என் கால்தான் வலித்தது. இந்த முறை வலித்தது வேறு ஆட்களுக்கு.

பாறசாலைக்குத் தெற்கே, எல்லை ஓரத்து ஊர் எனக்கு. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருவனந்தபுரத்தில் பல வேலைகள் பார்த்துவிட்டுக் கடைசியில் ஸ்ரீவராகத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் சேர்ந்தேன். பழைய அக்ரஹார வீட்டின் மாடியில் பதினோரு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறப்பது, டீ வாங்கி வருவது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

பிறகு ஆஸ்பத்திரி வேலையும் என் தலையில் வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எங்கள் ஆபீஸின் இரண்டு அப்ளிகேஷன்கள் ஓடின. ஒன்று மருந்துக் கடைக்கு, மற்றது லேபுக்கு. அந்த ஆஸ்பத்திரியின் சர்வரை வெளி இண்டர்நெட்டோடு இணைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. புதிதாக எதைப் போட வேண்டுமானாலும் ஆள் நேரில் கொண்டுபோக வேண்டும். சர்வர் இருந்த அறை அடித்தளத்தில், பிணவறைக்கு அடுத்த கதவு. படித்த பிள்ளைகள் யாரும் அங்கே போக விரும்பவில்லை. நான் போனேன். ஆரம்பத்தில் போனில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சர்வரை நிறுத்து, பழையதை எடு, புதியதை வை, சர்வரை ஓட்டு, முதல் பக்கம் திறக்கிறதா பார். ஆறு மாதத்தில் போன் தேவைப்படவில்லை. இங்கிலீஷ் எனக்கு எழுத்துதான் தெரியும். ஃபைலின் பெயரைக் காகிதத்தில் எழுதித் தருவார்கள். காகிதத்தில் ஒரு விரல், திரையில் ஒரு விரல் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுவேன். தப்பு வந்ததில்லை.

அந்த வேலைக்கு வேண்டிய அளவுக்கு நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். ஜாவாவில் எழுதிய அப்ளிகேஷனைக் கடைசியில் ஒரே பொதியாகக் கட்டுவார்கள். அதற்கு வார் ஃபைல் என்று பெயர். பொதிக்குள் நம் ஆட்கள் எழுதியது கொஞ்சம். அச்சடிக்க, தேதி பார்க்க, தகவலைச் சேமிக்க என்று வேறு யாரோ எழுதிவைத்த துண்டுகள் நிறைய. அந்தத் துண்டுகள் ஜார் ஃபைல்கள். ஒவ்வொரு ஜாரின் பெயருக்குப் பின்னாலும் ஒரு எண் இருக்கும். எண் பெரிதானால் புதியது.

சாதாரணமாக ஒவ்வொரு பொதியும் தனக்கு வேண்டிய ஜார்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தது பழைய பெட்டி. இரண்டு பொதிகளும் ஒரே ஜாரைத் தனித்தனியே சுமந்தால் மெமரி போதாமல் நின்றுவிடும். அதனால் இரண்டுக்கும் பொதுவான ஜார்களை வெளியே எடுத்து ‘காமன்’ என்று ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தார்கள். பொதி கட்டும்போது, இந்த ஜார் அங்கேயே கிடைக்கும் என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். பொதி மெலிந்துவிடும். அங்கே கிடைக்கும் என்று நம்பித்தான் இரண்டும் ஓடின.

காமன் ஃபோல்டரை உண்டாக்கியவர் மருந்துக் கடை அப்ளிகேஷனுக்குப் பொறுப்பானவர். எல்லாரும் பார்மசி சார் என்போம். நாகர்கோவில் பக்கத்து ஆள். அகலமான தோள், சத்தமான குரல், சீக்கிரம் நீளும் கை. லேப் அப்ளிகேஷனுக்குப் பொறுப்பு ஸ்ரீவராகத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு அம்மா. லேப் மேடம் என்போம். ஒல்லியாக இருப்பார். மெதுவாகப் பேசுவார், ஆனால் பேசியதை மாற்ற மாட்டார்.

அந்த ஃபோல்டரால் நான் முதலில் அடி வாங்கியது இந்தச் சம்பவத்துக்கு ஒரு வருடம் முன்பு. பார்மசி சார் ஒரு ஜாரின் புதிய எண்ணைக் கொடுத்து காமனில் போடச் சொன்னார். போட்டேன். பழையதை எடுக்கச் சொல்லவில்லை, நான் எடுக்கவில்லை. ஒரே ஜார் இரண்டு எண்களில் ஒரே ஃபோல்டரில் கிடந்தது. சர்வர் எது முதலில் கண்ணில் பட்டதோ அதை எடுத்துக்கொண்டது. மருந்துச் சீட்டெல்லாம் வெள்ளைத் தாளாக வந்தது.

நான் ஆபீஸுக்குத் திரும்பி மாடி ஏறியதும், கடைசிப் படியில் வைத்தே அறைந்தார். கைப்பிடியைப் பிடித்திராவிட்டால் கீழே உருண்டிருப்பேன். காதுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் மூன்று நாள் இருந்தது.

“லேய், ஒரே சாதனம் ரெண்டு நம்பர்ல கெடக்கலாமா? புதுசு வந்தா பழசத் தூக்கணும். இது கூடவா சொல்லித் தரணும்? டீ ஆத்துகவன சர்வர் பக்கம் விட்டா இதுதான்.”

மற்ற எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. லேப் மேடம் மட்டும் எழுந்து, “அடிக்கறதுக்கு அவர் என்ன மாடா? நீங்க சொல்லல, அவர் எடுக்கல. தப்பு யாரோடது?” என்றார்.

“ஒங்க லேப நீங்க பாருங்க மேடம்.”

அன்று அந்தச் சொல்லை நான் விதியாக எடுத்துக்கொண்டேன். புதுசு வந்தால் பழசைத் தூக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், யாரும் சொல்லாமலே, பழைய எண்ணைத் தேடி எடுத்தேன். ஆனால் அழிக்க மனம் வராது. என் பென் டிரைவில் ஒரு ஓரத்தில் போட்டு வைப்பேன்.

அந்த நாளுக்கு முன்னால் சில வாரங்களாக இரண்டு பேருக்கும் சண்டை. லேப் ரிப்போர்ட்டில் மலையாள எழுத்துகள் உடைந்து உடைந்து விழுந்தன. அச்சடிக்கிற ஜாரின் புதிய எண்ணில் அது சரியாகும் என்று மேடம் கண்டுபிடித்தார். ஆனால் அந்த ஜார் காமனில் இருந்தது. அங்கே மாற்றினால் மருந்துக் கடையும் புதியதற்குத் தகுந்த மாதிரி மாற வேண்டும்.

“நான் எழுதின கோட ஒங்களுக்காக மாத்தணுமோ? காமன்ல கை வச்சா கை இருக்காது, பாத்துக்கிடுங்க.”

“சரி, நான் கை வைக்கல. என் வழிய நான் பாத்துக்கறேன்.”

மேடம் புதிய ஜாரைத் தன் பொதிக்குள்ளேயே வைத்துக் கட்டினார். காலையில் என்னிடம் காகிதத்தையும் பென் டிரைவையும் கொடுத்தார்.

“அண்ணா, இந்த ஒரு வார் ஃபைல மட்டும் மாத்திட்டு வந்துடுங்கோ. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

நான் தலையாட்டினேன்.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடித்தளத்தில் பினாயில் வாசனை. பக்கத்துக் கதவுக்கு வெளியே யாரோ ஒருவரின் உறவினர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய் சர்வரை நிறுத்தி லேப் பொதியை மாற்றினேன். மாற்றியதும் பொதியைத் திறந்து பார்த்தேன். அது என் பழக்கம். உள்ளே அச்சடிக்கிற ஜார், புதிய எண்ணோடு. காமன் ஃபோல்டரைத் திறந்தேன். அங்கே அதே ஜார், பழைய எண்ணோடு.

என் காதில் அந்த விசில் சத்தம் மறுபடி கேட்டது. உண்மையாகவே கேட்டது. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று மேடம் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் மேடம் அறை வாங்கியவர் இல்லை. அவருக்கு இந்த விதி தெரிந்திருக்காது என்று நினைத்தேன். பழைய ஜாரைக் காமனிலிருந்து எடுத்து என் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். சர்வரை ஓட்டினேன். லேபின் முதல் பக்கம் திறந்தது. மருந்துக் கடையின் முதல் பக்கமும் திறந்தது. நிம்மதியாகப் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு மேலே கேண்டீனுக்கு டீ குடிக்கப் போனேன்.

ஒரு ஜார் இல்லாவிட்டால் சர்வர் ஓடும்போதே சத்தம் போடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அந்த ஜார் தேவைப்படும் பட்டனை ஒருவர் அமுக்கும்வரை அது இல்லை என்பதே யாருக்கும் தெரியாது. மருந்துக் கடையில் அந்தப் பட்டன் சீட்டு அச்சடிக்கும் பட்டன்.

நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கல்லாறு பக்கத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. மலைக்குக் கீழே ரப்பர் வெட்டப் போன ஆளை விரியன் கடித்திருந்தது. அவனைக் கேஷுவாலிட்டிக்குள் கொண்டுபோனார்கள். விஷமுறிவு மருந்து வாங்க ஏழெட்டுப் பேர் மருந்துக் கவுண்டருக்கு ஓடி வந்தார்கள். அந்தக் கடையில் முன்பு எப்போதோ மருந்து காணாமல் போயிருக்கிறது. அதனால் அச்சடித்த சீட்டு இல்லாமல் ஒரு குப்பிகூட வெளியே போகக் கூடாது என்று நிர்வாகம் எழுதி ஒட்டியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் பட்டனை அமுக்கினாள். திரையில் பிழை வந்தது. மறுபடி அமுக்கினாள். பிழை. அன்று ஊழியர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்க வந்திருந்த பார்மசி சார் அவள் தோளுக்கு மேலே குனிந்து தானே அமுக்கினார்.

நான் கேண்டீனிலிருந்து வரும்போது சத்தம் முற்றியிருந்தது.

“மருந்து எவிடெடா? அணலியாணு கடிச்சது, கேட்டோ? ஆளு சாவும்!”

“ரண்டு மினிட்டு சேட்டா, சிஸ்டம் ஒண்ணு…” என்றார் பார்மசி சார்.

“சிஸ்டமோ? நின்றெ சிஸ்டம்!”

சொன்னவன் ஹெல்மெட்டை ஓங்கினான். பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வெளியே இழுத்துப் போட்ட பார்மசி சாரைத் தரையில் வைத்து மிதித்தார்கள். பெரிய உடம்பு அது, ஆனால் நாலு பக்கமிருந்தும் கால் வந்தால் எந்த உடம்பும் சுருண்டுவிடும். ஒருவன் ஸ்டீல் ஸ்டூலைத் தூக்கி முதுகில் போட்டான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. செக்யூரிட்டிக்காரர் ஒருவனை விலக்கினால் இன்னொருவன் உள்ளே வந்தான். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என் கை சட்டைப் பையை வெளியிலிருந்து பொத்திக்கொண்டிருந்தது. என்ன காணாமல் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கீழே ஓட வேண்டும். ஓடினால், எதற்கு ஓடுகிறாய் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நின்றேன்.

அது மட்டும்தானா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். மாடிப் படியில் என்னை அறைந்த அதே கை தரையில் விரிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு செருப்புக் கால் ஏறி நின்றதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதற்குமேல் எனக்குத் தெரியாது.

கால்களுக்கு நடுவிலிருந்து அவர் என்னைக் கண்டுகொண்டார்.

“ஓய்! போயி சர்வரப் பாரும்வே! ஓடும்!”

அவர் சொன்ன பிறகுதான் ஓடினேன். படிகளில் வழுக்கி முட்டி கிழிந்தது. பிணவறை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிக் குதித்தேன். ஜாரைக் காமனில் திரும்ப வைத்தேன். சர்வரை நிறுத்தி ஓட்டினேன். அது எழுந்து வர எடுத்துக்கொள்ளும் மூன்று நிமிடம் ஓடவே இல்லை. மேலே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது, மனிதச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. கேஷுவாலிட்டி டாக்டர் தானே வந்து, உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டு ஃபிரிட்ஜிலிருந்த குப்பிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டாராம். கடிபட்டவனுக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்தது, அவன் பிழைத்தான். கவுண்டர் பெண் அழுதுகொண்டே பட்டனை அமுக்கினாள். சீட்டு வந்தது. அதை வாங்க யாரும் இல்லை. பார்மசி சாரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். இடது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது.

“ரெடியாயிட்டா?” என்றார்.

“ஆச்சு சார்.”

“என்னவே ஆச்சு அதுக்கு?”

“தெரியல்ல சார். நிறுத்தி ஓட்டினேன்.”

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் ஆபீஸுக்கு வந்தார். வர வேண்டாம் என்று வீட்டில் தடுத்திருக்கிறார்கள், கேட்கவில்லை. புருவத்தில் தையல், கையில் மாவுக்கட்டு. முதலாளி அவர் மேஜைக்கு வந்து நின்றார். சாலைத் தெருவில் பலசரக்கு வியாபாரம் பார்த்த குடும்பம் அது. இவர் மட்டும் கம்ப்யூட்டருக்கு வந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி முழுக்க போன் வந்திருந்த முகம்.

“நேத்து சர்வர்ல மாறினது ஒண்ணே ஒண்ணுதான். மேடத்துக்க வார்,” என்றார் பார்மசி சார். “அதுல என்ன குப்பையப் போட்டுக் கட்டினாவளோ, என் அப்ளிகேஷன் படுத்துட்டு.”

மேடம் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார். “என் வார்ல புது ஜார் இருக்கு. என் வாருக்குள்ள மட்டும். ஒவ்வொரு அப்ளிகேஷனும் முதல்ல தன் வாருக்குள்ள இருக்கற ஜார பாக்கும். அங்க இல்லேன்னாதான் காமனுக்குப் போகும். என்னோடது புதுசையும் ஒங்களோடது காமன்ல இருக்கற பழசையும் எடுக்கும். ரெண்டும் மோதவே மோதாது.”

“மோதிட்டே! என் மண்டையப் பாத்தியளா?”

“சர்வர் எழுதி வைக்கற லாகப் பாருங்கோ. பழைய ஜார் இல்லைன்னு எழுதியிருக்கு. அரை மணி நேரம் கழிச்சு இருக்குன்னு ஆயிடறது. ஒரு ஃபைல் தானா எழுந்து போயிட்டு தானா திரும்பி வருமா?”

அப்படிச் சொல்லிவிட்டு மேடம் என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல. நீங்கள்தானே அங்கே இருந்தீர்கள், ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை. என் கையில் டீத் தட்டு இருந்தது. நான் தட்டைப் பார்த்தேன்.

“எனக்கு லாகும் மத்ததும் வேண்டாம்,” என்றார் முதலாளி. “ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு ஆளைக் காட்டுன்னு நிக்குறாங்க. காண்ட்ராக்ட் போயிரும். மனசிலாயோ? மேடம், நீங்க ஒரு ராஜினாமா எழுதிக் கொடுத்துருங்க. அதுதான் எல்லாருக்கும் நல்லது.”

“செய்யாத தப்புக்கா? எழுத மாட்டேன்.”

பார்மசி சார் நல்ல கையால் மேஜையிலிருந்த கீபோர்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். எழுத்துப் பொத்தான்கள் தெறித்துத் தரையெல்லாம் ஓடின. “எழுத மாட்டியளோ? என் கை போச்சு, நீ நியாயம் பேசுகியோ?” என்றபடி மேடத்தின் தோளைப் பிடித்துத் தள்ளினார். மேடம் மேஜை விளிம்பில் முகம் மோதி விழுந்தார். எழுந்தபோது உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. தாடையிலிருந்து ரத்தம் சேலையில் சொட்டியது. யாரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு வருடம் முன்பு எனக்காக எழுந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் டீத் தட்டைத் தரையில் வைத்தேன். பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“நான்தான் எடுத்தேன்.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “காமன்ல இருந்த பழசை நான்தான் எடுத்தேன். மேடம் தொட வேண்டாம்னு சொன்னாங்க. நான் கேக்கல்ல. நேத்து சண்டை நடக்கும்போது இது என் பையில இருந்துது.”

பார்மசி சாருக்கு அது புரிய சில நொடிகள் ஆயின. பிறகு வந்தார். அடி முதலில் வாயில் விழுந்தது, பிறகு காதில், அதே காதில். நான் பின்னால் போய் அலமாரியில் இடித்து நின்றேன். அவர் மாவுக்கட்டுக் கையையும் ஓங்கினார்.

அப்போது நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தவர்களும் பேசியதில்லை. அந்த மாவுக்கட்டுக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தேன். பிடித்து அலமாரியின் இரும்பு முனையில் அடித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மாவு பொடிந்து கொட்டியது. அவர் கத்திய சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். ஜாரை எடுத்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது. என் கை வலிக்கிற வரைக்கும் விடவில்லை.

“விடுங்கோ அண்ணா! போறும்! விடுங்கோ!” மேடம்தான் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அவர் வாய் ரத்தம் என் தோளில் ஒட்டியது.

ராஜினாமா பேச்சு அத்தோடு நின்றது. மேடம், உதட்டைத் துணியால் அழுத்திக்கொண்டு, பார்மசி சார் எழுதி மன்னிப்புக் கேட்காவிட்டால் ஸ்டேஷனுக்குப் போவேன் என்றார். சார் உடையாத வலது கையால் எழுதிக் கொடுத்தார். என்னையும் ஸ்டேஷனில் கொடுக்கலாம் என்று முதலாளி சொன்னார். பார்மசி சார் வேண்டாம் என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் புதிய மெமரி வாங்கிப் போட்டார்கள். இனிமேல் ஒவ்வொரு பொதியும் தனக்கு வேண்டிய ஜார்களைத் தானே சுமக்கும், காமன் ஃபோல்டரே கிடையாது என்று முடிவானது. மேடம்தான் இரண்டு பொதிகளையும் கட்டினார். கட்டி முடித்து, அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போகிற அன்று என்னிடம் வந்தார். உதட்டில் கோடு மாதிரி ஒரு தழும்பு.

“நீங்க சொன்னேள். அத நான் மறக்க மாட்டேன். ஆனா ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா நேக்கு இது இருந்திருக்காது அண்ணா.”

நான் தலையாட்டினேன்.

காமன் ஃபோல்டரைக் காலி செய்ய என்னைத் தனியே அனுப்ப முதலாளிக்கு மனமில்லை. பார்மசி சாரையும் கூட அனுப்பினார். கை மறுபடி உடைந்து, புதிதாகக் கட்டுப் போட்டிருந்தது. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். மருந்துக் கவுண்டரைத் தாண்டும்போது வேகமாக நடந்தார். புதுக் கண்ணாடிக்கு இப்போது கம்பி வலை போட்டிருந்தார்கள்.

அடித்தளத்தில் இரண்டு ஸ்டூல். அவரால் ஒரு கையால் டைப் செய்ய முடியாது. நான் டைப் செய்தேன். அவர் பெயர்களைப் படித்தார், நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். அச்சடிக்கிற ஜார் கடைசியில் வந்தது.

“இதயும் பென் டிரைவுல போட்டு வச்சுக்கிடுவீரோ?”

“இல்ல சார்.”

“பழசத் தூக்குன்னு சொன்னது நாந்தான்,” என்றார் திரையைப் பார்த்துக்கொண்டே. “ரெண்டும் ஒரே ஃபோல்டர்ல கெடந்தா மட்டும்னு சொல்லல்ல. அடிச்சேன், அத்தோட விட்டேன்.”

அந்த ஜாரை அழித்தேன். ஃபோல்டர் காலியானது. ஃபோல்டரையும் அழித்தேன். புதிய பொதிகளை வைத்து சர்வரை ஓட்டினேன். இரண்டு முதல் பக்கங்களும் திறந்தன. பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன்.

“இரியும்வே,” என்றார். “முதல் பக்கம் திறந்தா போருமா? ஒவ்வொரு பட்டனா அமுக்கும்.”

உட்கார்ந்தேன். மருந்துக் கடையில் நாற்பது பட்டன்களுக்கு மேல் இருந்தன, லேபிலும் ஏறத்தாழ அவ்வளவு. ஒவ்வொன்றாக அமுக்கினேன். அவர் என் பக்கத்தில் உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதவைத் திறந்து யாரையோ வெளியே கொண்டுபோனார்கள். அழுகைச் சத்தம் படியேறிப் போகும்வரை நிறுத்தினேன். பிறகு சீட்டு அச்சடிக்கும் பட்டனை அமுக்கினேன். மேலே, கம்பி வலைக்குப் பின்னால், பிரிண்டர் ஓடுகிற சத்தம் இங்கே கேட்காது. அவர் போனை எடுத்துக் கவுண்டருக்குக் கூப்பிட்டார்.

“வந்துதா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, அடுத்ததை அமுக்கும்படி தாடையை அசைத்தார்.